லிகமென்ட் தசைநார் இல்லை

முழங்காலில் அடிபட்ட எந்த ஆட்டக்காரரைப் பற்றிச் செய்தி வந்தாலும் ‘தசைநார் கிழிந்தது’ என்றே எழுதுகிறார்கள். கிழிந்தது லிகமென்ட். அது தசையும் இல்லை, தசையைச் சேர்ந்ததும் இல்லை. இப்போது கடலூரில் கபடி ஆடுகிற பையன்கள் வாயிலும் இந்தச் சொல் வந்துவிட்டது. புதுச்சேரியில் ஒரு பிசியோதெரபி நிலையத்தின் துண்டறிக்கையில் லிகமென்ட், டெண்டன் இரண்டுக்குமே தசைநார் என்று அச்சிட்டிருந்தார்கள். அதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை.

லத்தீனில் ‘லிகாரே’ என்றால் கட்டுதல். அதிலிருந்து வந்தது லிகமென்ட். ‘டெண்டெரே’ என்றால் இழுத்து நீட்டுதல். டெண்டன் அந்தக் குடும்பம். மூட்டுகளில் லிகமென்ட் எலும்பை எலும்போடு கட்டுகிறது, டெண்டன் தசையை எலும்போடு சேர்க்கிறது.

டெண்டனுக்குத் தசைநாண் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அருமையான சொல். நாண் என்றால் வில்லில் பூட்டுவது, இழுவிசையைக் கடத்துவது. தசை சுருங்கும்போது எலும்பை இழுப்பதும் அதுதானே. சிக்கல் லிகமென்டில்தான். அதற்கும் ‘தசை’யை ஒட்டவைத்ததால் என்ன ஆகிறது என்று பாருங்கள். முழங்கால் நடுவில் இருக்கும் முன்சிலுவை லிகமென்ட், கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொள்கிறது. கால் ஏறக்குறைய நீட்டியிருக்கும்போது முன்தொடைத் தசை அந்த எலும்பை முன்னால் இழுக்கிறது, பின்தொடைத் தசை பின்னால் இழுத்துக் காக்கிறது. இரண்டு இழுப்பும் வருவது நாண் வழியாக. லிகமென்ட் தானாகச் சுருங்காது, தாங்க மட்டுமே செய்யும். மூட்டு ஆய்வில் அடிப்படையான இந்த வேறுபாடே ஒரு சொல்லால் அழிந்துபோகிறது. அறுவை சிகிச்சை இன்னும் மோசம்: பின்தொடைத் தசைநாணை எடுத்து அறுந்த லிகமென்ட் இருந்த இடத்தில் வைக்கும் முறை உண்டு. அதை ‘தசைநார் கிழிந்ததால் தசைநாரை எடுத்துத் தசைநாராக வைத்தார்கள்’ என்று எழுதினால் நோயாளிக்கு என்ன புரியும்? தசை என்று கேட்டதும் எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். முழுதாக அறுந்த முன்சிலுவை லிகமென்டை நீவி ஒட்டவைக்க முடியாது.

லிகமென்டுக்குப் ‘பிணையம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். பிணைப்பது என்ற பொருளில் தப்பில்லை. ஆனால் நீதிமன்றமும் வங்கியும் அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. ‘முழங்கால் பிணையம்’ என்றால் ஜாமீன்தான் நினைவுக்கு வரும். ‘எலும்புநார்’ தெளிவாக இருக்கிறது, சரி, ஆனால் கருப்பையையும் கல்லீரலையும் தாங்கிப் பிடிக்கும் லிகமென்ட்களை என்ன செய்வது? அங்கே எலும்புக்கு எலும்பு கட்டும் வேலை இல்லையே. எனக்கு ‘இணைநார்’தான் பொருந்துகிறது. நார் என்ற சொல்லை விடவும் வேண்டாம், பூக்கட்டுகிற வாழைநார் எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம் அந்தச் ‘சிலுவை’. இதையும் மாற்றி ‘குறுக்குத் தசைநார்’ என்கிறார்கள். குறுக்கு என்றால் கிடையாகப் போவதுபோல் இருக்கிறது. உண்மையில் முன்னதும் பின்னதுமாக இரண்டு இணைநார்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன, அதனால்தான் லத்தீனில் சிலுவையின் பெயர். பிரெஞ்சிலும் ‘லிகமான் க்ருவாசே’, ஒன்றையொன்று வெட்டும் கட்டுகள். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிப் பெரியவர்களிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். சிலுவை தமிழில் வேரூன்றிய சொல், மதம் பார்த்து ஒதுக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் எலும்புக்கூட்டுப் படத்தை ஒரு தடவை பார்த்தாலே பாதிப் பிழை போய்விடும். அவர்கள்தான் பயோமெக்கானிக்ஸையும் ‘உயிரி இயந்திரவியல்’ ஆக்கினார்கள், மாணவர்கள் செயற்கைக் கால் செய்யும் படிப்பு என்று நினைக்கிறார்கள். உடல் மேல் விசை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் துறை அது, ‘உடல் விசையியல்’ என்றால் போதும். அதுவும் பிடிக்கவில்லையா, லிகமென்ட், பயோமெக்கானிக்ஸ் என்றே எழுதிவிட்டுப் போங்கள், தசைநார் என்று மட்டும் எழுதாதீர்கள்.