அடிக்கல்லுக்கு முன் எல்லைக்கல்

இலங்கையின் வடக்கில், வன்னியில், நில அளவையாளனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்துவிட்டேன். சங்கிலி பிடித்து அளந்த காலம் போய், செய்மதியைப் பார்த்து அளக்கும் கருவி வந்துவிட்டது. ஆனால் முக்காலியை வீதியோரம் நிறுத்தியதும் பின்னால் வந்து நிற்பவர்கள் கேட்கும் கேள்வி அன்றும் இன்றும் ஒன்றுதான்: "சேர், எங்கள் கடை கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?"

அந்தக் கேள்வி என்னிடம் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். நகருக்கான திட்டம் வரைந்து முடிந்திருக்கும். பணம் ஒதுக்கியிருப்பார்கள், அடிக்கல் நாட்டும் நாளும் குறித்திருப்பார்கள். அந்த மண்ணில் முப்பது ஆண்டு கடை வைத்திருப்பவருக்கு மட்டும் சிவப்பு முளை அடித்த பிறகுதான் செய்தி தெரியும். அரசாங்கப் பணத்தில் எங்கள் நகரங்கள் திரும்ப எழ வேண்டும் என்று மனமார விரும்புகிறவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். கட்டடத்துக்குப் பணம் வருகிறது. அந்தக் கட்டடம் நிற்கப்போகும் காணியைச் சீர்செய்ய யாரும் பணமும் ஒதுக்குவதில்லை, நேரமும் ஒதுக்குவதில்லை. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கின.

கிளிநொச்சி 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். யாழ்ப்பாணத்தில் காணியும் வேலையும் இல்லாதவர்களுக்கு, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிக் கொடுத்த நிலம். அதற்கு முந்திய ஆண்டு வந்த 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் இந்த மண்ணின் பெரும்பகுதியை ஆள்கிறது. அனுமதிப்பத்திரக் காணி, அதாவது அனுமதி கொடுத்து இருக்கவிட்ட அரச காணி, சனங்களின் வாயில் பேமிட் காணி. அதை நினைத்தபடி விற்க முடியாது, துண்டாட முடியாது, ஈடுவைப்பதும் எளிதில்லை. கொழும்பில் இருந்து நகரத் திட்டம் வரைகிறவர்கள் உறுதிக் காணியை, அதாவது முழுதும் சொந்தமான தனியார் காணியை, மனத்தில் வைத்தே வரைகிறார்கள். சந்தைக்குப் பக்கத்துக் கடைக்காரர் கையில் இருப்பது 1950களில் தாத்தாவுக்குக் கிடைத்த ஒரு பத்திரம், அதிலும் பாதி எழுத்து அழிந்திருக்கும்.

2009இல் போர் முடிந்த பிறகு வந்த உதவிகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபாய், பயனாளியின் வங்கிக் கணக்குக்கே பகுதி பகுதியாக வந்தது. தன் வீட்டைத் தானே கட்டிய பெண்கள் சீமெந்தின் தரத்தை என்னைவிட நன்றாகக் கண்டுபிடிப்பார்கள். 'நெல்சிப்' என்று எல்லோரும் அழைத்த உலக வங்கித் திட்டம் 2010இல் தொடங்கி, பிரதேச சபைகளுக்குச் சந்தைகளும் வீதிகளும் நூலகங்களும் கொடுத்தது. அதில் எனக்குப் பிடித்தது சமூகக் கணக்காய்வுக் குழு. ஊர்க்காரர்களே வேலையைப் பார்த்து எழுத்தில் குறை சொல்லலாம். அந்தப் பழக்கம் திட்டத்தோடு முடிந்துபோனது பெரிய இழப்பு. ஆனால் இந்த உதவிகள் எல்லாவற்றிலும் பட்டியலின் வாசலில் ஒரே கேள்வி நின்றது: காணிப் பத்திரம் எங்கே? இல்லாதவர்கள் தகரக் கொட்டிலிலேயே அடுத்த பட்டியலுக்காகக் காத்திருந்தார்கள்.

பணம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால்தான் யாரிடம் போவது என்று தெரியும். நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி மாகாணத்துக்கு வருவது ஒன்று. மத்திய அமைச்சுகள் மாவட்டச் செயலகம் வழியாக இறக்குவது இன்னொன்று. நகர அபிவிருத்தி அதிகார சபை, 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தான் பிரகடனம் செய்த பகுதிகளில் செய்வது வேறு. கடைசியில் சபையின் சொந்த வருமானம், அதாவது கடை வாடகையும் சோலைவரி என்ற ஆதன வரியும். கிளிநொச்சி நகரை இன்றைக்கும் கரைச்சிப் பிரதேச சபைதான் பார்க்கிறது. ஒரு மாவட்டத்தின் தலைநகருக்கு நகர சபைகூட இல்லை என்பதை வெளியூர் நண்பர்கள் நம்ப மறுப்பார்கள். வவுனியா மாநகர சபையாகிவிட்டது. உலக வங்கியின் மூலோபாய நகரங்கள் திட்டத்தில் கண்டி, காலியோடு யாழ்ப்பாணமும் சேர்ந்தது. வன்னி நகர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

இதில் அரசாங்க ஒதுக்கீடாக வரும் பணத்துக்கெல்லாம் பொதுவான குணம் ஒன்று உண்டு. அது ஆண்டு முடிவில் செத்துவிடும். டிசெம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் திறைசேரிக்கே போய்விடும். ஒதுக்கீட்டுக் கடிதம் மார்ச்சில் கைக்கு வந்தால் நல்ல காலம். மதிப்பீடு, கேள்வி கோரல் (டெண்டர்), ஒப்பந்தம் என்று ஆவணி வந்துவிடும். ஐப்பசியில் எங்கள் மழை தொடங்கும். இடையில் காணித் தகராறு ஒன்று எழுந்து இரண்டு மாதம் போனால், அத்திவாரம் வெட்டுவது கார்த்திகையில்தான். குழிக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்க, பம்பு வைத்து இறைத்துக்கொண்டே கொங்கிறீற் போட்டதை நான் நின்று பார்த்திருக்கிறேன். அந்தச் சுவர் ஐந்தாம் ஆண்டில் வெடித்தால் மண்ணைக் குற்றம் சொல்வார்கள். வேறு சில இடங்களில் வேலையே தொடங்காமல், காணிச் சிக்கல் இல்லாத அடுத்த ஊருக்குப் பணம் போனது.

காணிச் சிக்கல் என்றால் என்ன? ஏ-9 வீதியில் ஒரு சந்தியின் மூலையை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் வீதி ஒதுக்கு, அதாவது வீதிக்கென்று விட்டுவைத்த ஓர நிலம், அது வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. பின்பக்கம் ரயில் பாதையின் ஒதுக்கு. ஓரத்தில் ஓடும் வாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையது. சற்றுத் தள்ளி நாலு பாலை மரம் நின்றால் வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்டிருக்கும். நடுவில் மிஞ்சும் துண்டில் பிரதேச செயலகத்தின் அனுமதிப்பத்திரமும் பிரதேச சபையின் வாடகைக் கடைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். சில இடங்களில் படையினர் இன்னும் இருக்கிறார்கள். கேப்பாப்பிலவிலும் பரவிப்பாஞ்சானிலும் சனங்கள் வீதியில் குந்தியிருந்துதான் தங்கள் காணியைக் கேட்க வேண்டியிருந்தது. இத்தனை பேருடைய கோடுகளையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவர மூன்று மாத வேலையும் சிறிய ஒரு தொகையும் போதும். கட்டடத்தின் செலவோடு பார்த்தால் அது சில்லறை. ஆனால் திறப்பு விழாவில் காட்ட முடியாத வேலை என்பதால் அதற்கு ஒதுக்கீடு கிடைப்பதில்லை.

இனிச் சொல்லப்போகும் அம்மாவின் ஊரையும் பெயரையும் எழுத மாட்டேன். கணவர் பெயரில் அனுமதிப்பத்திரம், சந்தை முகப்பில் கால் ஏக்கர். 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடியபோதும் அந்தப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக் கொண்டுவந்தவர். கணவர் திரும்பவில்லை. நகர அபிவிருத்திக்காகக் காணியின் முன்பகுதி தேவைப்பட்டது. அலுவலகம் ஒன்றில் மரணச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார்கள். அது இருந்தால்தான் அடுத்தவர் பெயருக்கு மாற்றலாம், பெயர் இருந்தால்தான் நட்டஈட்டைப் பற்றிப் பேசலாம். அவர் என்னிடம் வந்து கேட்டார்: "தம்பி, அவர் செத்துவிட்டார் என்று நான் எப்படிக் கையெழுத்து வைப்பேன்?"

அந்தக் கையெழுத்தை வைக்கத் தேவையில்லாத வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெற இடமளிக்கிறது. அதை வைத்து அவருடைய சொத்துகளைக் குடும்பம் பராமரிக்கலாம். அந்த அலுவலகத்தில் அவரிடம் பேசிய எவரும் இதைச் சொல்லவில்லை. வன்னியில் இப்படி எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பார்த்தால், பிரதேச செயலகக் காணிக் கிளையின் சுவரில் முதலாவதாக ஒட்டப்பட வேண்டிய அறிவித்தல் இதுதான் என்பேன்.

பெண்கள் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர், அதாவது அடுத்து உரிமை பெறுபவர், பெயரிடப்படாவிட்டால், சட்டத்தின் பழைய அட்டவணை மகனை முன்னுக்கும் மகளைப் பின்னுக்கும் வைத்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண்முன்னுரிமையை நீக்கிவிட்டது. ஆனாலும் காத்திருக்காதீர்கள். பத்திரக்காரர் உயிரோடிருக்கும்போதே பின்னுரித்தாளரைப் பதிந்துவிடுங்கள். பத்திரமே தொலைந்தவர்கள் பேசாமல் இருந்துவிட வேண்டாம். போரில் பேரேடுகளும் அழிந்தன என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டு, வடக்கு கிழக்குக்கென்று 2013ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சுற்றறிக்கையை வெளியிட்டது. காணிக் கோரிக்கைகளை அதிகாரிகள் நேரில் கேட்கும் காணிக் கச்சேரி எப்போது நடக்கும் என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். பழைய வரி ரசீது, கூட்டுறவுச் சங்க அட்டை, பக்கத்துக் காணிக்காரரின் வாக்குமூலம், எதுவானாலும் கொண்டுபோங்கள்.

நகரத் திட்டத்துக்காகக் காணி சுவீகரிக்கப்பட்டால் அது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடக்க வேண்டும். காணி தேவைப்படுகிறது என்ற 2ஆம் பிரிவு அறிவித்தல் அந்த இடத்திலேயே மூன்று மொழிகளிலும் ஒட்டப்பட வேண்டும். காணியை எடுக்க எண்ணுகிறோம் என்ற 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் எழுத்தில் ஆட்சேபிக்கலாம், அதற்கு 14 நாட்களுக்குக் குறையாத அவகாசம் உண்டு. 38ஆம் பிரிவைச் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், அவசரமென்று உடனே கையேற்கும் வழி அது. உரிமை கோர அழைக்கும் 7ஆம் பிரிவு அறிவித்தல் அரச வர்த்தமானியில் வந்ததும் உங்கள் உரிமையையும் கோரும் தொகையையும் எழுதிக் கொடுக்காமல் விட்டால் பிறகு அழுது பயனில்லை. வீதி ஒதுக்கில் கடை போட்டவருக்கு எதுவுமே இல்லை என்று வாயால் சொல்லி அனுப்புவார்கள். அமைச்சரவை 2001இல் ஏற்றுக்கொண்ட கட்டாய மீள்குடியேற்றக் கொள்கை, எழுத்து உரித்து இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. ஆகவே வாய்ப்பதிலோடு திரும்பி வராதீர்கள். எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள், தருகிறோமா இல்லையா என்ற முடிவையாவது சொல்லியாக வேண்டும்.

அறிவித்தலைப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை 2025 நன்றாகக் காட்டியது. அந்த ஆண்டு மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில், வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று அறிவித்தார்கள். முல்லைத்தீவில் மட்டும் 1,703 ஏக்கர். எதிர்ப்பு எழுந்து, உயர் நீதிமன்றம் வரை போய், அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. அதுவரை எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்துதான். பத்திரம் அங்கே, காணி இங்கே, வர்த்தமானியை வாசித்துச் சொல்ல நடுவில் ஒருவரும் இல்லை.

கட்டடத்தின் இடத்தைத் தீர்மானிப்பதும் காணி விடயம்தான். விளைபொருள் மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று 2016இல் வவுனியா இரண்டுபட்டது நினைவிருக்கும். முடிவில் வேறோர் இடத்தில் கட்டி, கட்டிய பின்னும் அது ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அதே 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது, ஒரு நகரத்துக்குக் கட்டடத்தைவிட முன்னதாக வேண்டியது எது என்று எல்லோருக்கும் தெரிந்தது: தீயணைப்பு வண்டி நுழையும் அகலத்துக்கு ஓர் ஒழுங்கை, தண்ணீர், கடைக்கும் கடைக்கும் இடைவெளி. இவை மூன்றையும் வரைபடத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும், பிறகு இடிக்காமல் பெற முடியாது.

இப்போது பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயம் என்ற பேச்சு. நல்லது, வேலை வேண்டும். பரந்தனில் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலை இருந்த மண் அது. போர்க்காலமெல்லாம் கைவிடப்பட்டுக் கிடந்தது. அப்படிப்பட்ட நிலத்தைத் திரும்பப் பயன்படுத்தும்போது மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்த அறிக்கையை முதலில் கேளுங்கள். கண்ணிவெடி அகற்றிய சான்றிதழைக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது, கண்ணிவெடி நிறைந்து கிடந்த முகமாலை கற்பித்த பாடம் அது. மண்பரிசோதனை அறிக்கையைக் கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. அந்தச் சோதனைக்கான செலவு திட்ட மதிப்பீட்டில் தனி வரியாக இருக்கிறதா என்று மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் உங்கள் பிரதிநிதியைக் கொண்டு கேட்கச் செய்யுங்கள். அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவுகள் ஆண்டின் நடுப்பகுதியிலேயே தயாராகிவிடும். நவம்பரில் வரவுசெலவுத் திட்டமாகப் பாராளுமன்றத்துக்கு வந்த பிறகு கேட்டால் பதில் சொல்வார்கள், பணம் இருக்காது.

கணவரின் பத்திரத்தைச் சுமந்து வந்த அந்த அம்மாவுக்குக் காணாமற்போனமைச் சான்றிதழ் கிடைக்க நீண்ட காலம் பிடித்தது. அதற்குள் அந்த ஆண்டின் ஒதுக்கீடு திரும்பிப் போய்விட்டது, அடுத்த ஆண்டு வேறொரு தலைப்பில் மீண்டும் வந்தது. நான் போய் அளந்தேன். முகப்பில் பத்தடி போகிறது. அவர் வைத்த இரண்டு தென்னையும் கடையின் முன் விறாந்தையும் அதற்குள் வருகின்றன. இரண்டையும் மதிப்பீட்டில் எழுதச் சொன்னேன், எழுதினார்கள். கடிதம் இந்த முறை அவர் பெயருக்கே வந்தது. காணிக் கோப்பைத் திறந்து காட்டியபோது அவர் விரலால் தடவிப் பார்த்தார். கணவரின் பெயரை யாரும் வெட்டவில்லை. அதற்குக் கீழே, பராமரிப்பவர் என்று, இவர் பெயர்.