கோட்டைக்குப் பக்கத்தில் காணி உள்ளவர்கள் அத்திவாரம் வெட்ட முன்

யாழ்ப்பாணக் கோட்டை, ஊர்காவற்றுறையின் கடற்கோட்டை, நெடுந்தீவுக் கோட்டை எல்லாவற்றுக்கும் சட்டம் ஒன்றுதான்: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அரச நிலத்திலுள்ள தொல்சின்னத்திலிருந்து 400 யாருக்குள், கிட்டத்தட்ட 366 மீற்றர், சொந்தக் காணியானாலும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் கட்டக்கூடாது.

சனம் அகப்படுவது இதற்குப் பிறகுதான். மாநகர சபையோ பிரதேச சபையோ வரைபடத்துக்கு முத்திரை குத்தினால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள். அடுத்த கந்தோரைப் பற்றி அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால் "அது எங்கட வேலை இல்லை". மதில் ஆளுயரம் எழும்பிய பிறகு தொல்பொருள் திணைக்களத்தின் கடிதம் வரும். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தனியாக வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதிலிருந்து தப்ப முடியாது. மூன்று கந்தோரும் தங்களுக்குள் ஒரு கடிதம் பரிமாறினால் என்ன குறைந்துவிடும்?

பாதுகாக்கப்பட்ட எல்லையை விரிக்கப் போகிறார்கள் என்று கதை வந்தால் ஜி.எஸ். (கிராம சேவையாளர்) சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். வர்த்தமானி இலக்கம் என்ன, நில அளவை வரைபடம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையா, 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

தனியார் காணியிலுள்ள சின்னத்தைப் பாதுகாக்கப்பட்டதாக்க முன், அறிவித்தல் போட்டு ஆட்சேபனை கேட்க வேண்டும். தவணை தப்பினால் பிறகு அழுது பயனில்லை. காணி உறுதி கனடாவிலுள்ள மகன் பெயரில் இருக்க, ஊரிலிருக்கும் தாய் எழுதிய ஆட்சேபனையை "உரிமையாளர் நீங்கள் இல்லையே" என்று ஓரமாக வைத்துவிடலாம். மகனுக்காகத் தாய் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை இப்போதே எடுத்து வையுங்கள்.

சிங்களத்தில் கடிதம் வந்தால் தமிழில் கேளுங்கள். வடக்கில் தமிழும் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. கையெழுத்துக் கேட்டால் "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதித் திகதி போடுங்கள்.

கோட்டையில் சரிந்து கிடக்கும் முருகைக்கல்லை வீட்டு வேலைக்கு ஏற்றி வராதீர்கள். கிணறு வெட்டும்போது பழைய காசோ ஓட்டுத்துண்டோ வந்தால் வேலையை நிறுத்தி உடனே பொலிஸில் அறிவியுங்கள். அதைத் தேடி மேலும் தோண்டினால், சொந்த வளவானாலும் குற்றம். தொல்பொருட்கள் சட்டத்தில் பிடிபட்டால் பிணை எடுப்பதே பெரும்பாடு.