பெல்விக் ஃப்ளோர்: இடுப்புத்தளமா, தாங்குதசையா?

கருப்பை எடுத்து ஏழெட்டு மாதம் ஆன அக்கா ஒருவர், தும்மினால் சிறுநீர் கசிகிறது, அடியில் ஏதோ இறங்குகிற மாதிரி கனக்கிறது என்று மருத்துவரிடம் போய்விட்டு நேரே என்னிடம் வந்தார். "பெல்விக் ஃப்ளோரை ஸ்கேன் பண்ணணுமாம். அது என்னடி, வயித்துக்குள்ள தரையா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பெல்விஸ் என்றால் லத்தீனில் அகன்ற பாத்திரம், இடுப்பெலும்புகள் கிண்ணம்போல வளைந்து நிற்பதால் வந்த பெயர். தமிழில் இடுப்புக்கூடு, இலங்கைத் தமிழில் கூபகம் (கூபம் என்றால் கிணறு, குழி). ஆனால் இந்தக் கிண்ணத்துக்கு எலும்பால் ஆன அடி கிடையாது, அந்தத் திறப்பை மூடி நிற்பது வெறும் தசைதான். முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்புவரை தூளிபோல் தொங்கி, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் ஏந்திக்கொண்டிருக்கிறது. அதில் முக்கியமான தசையின் லத்தீன் பெயர் லெவேட்டர் ஆனி, அதாவது ஆசனவாயைத் தூக்குவது. இடுப்புத்தளம் என்று எழுதுவது பிழையில்லை, ஆனால் தளம் என்றதும் அசையாத ஒன்று மனதில் வந்துவிடுகிறது, அதனால் நோயாளியிடம் பேசும்போது தாங்குதசை என்பதே என் தேர்வு.

ஹிஸ்டெரெக்டமி சிக்கலில்லாத சொல். கிரேக்கத்தில் ஹிஸ்டெரா கருப்பை, எக்டமி வெட்டி எடுத்தல், ஆகவே கருப்பை நீக்கம். தாங்குதசையை யாரும் எடுப்பதில்லை. ஆனால் கருப்பையோடு சேர்ந்திருந்த பிடிப்புகள் சில வெட்டுப்படுகின்றன, பிரசவத்தில் முன்பே நைந்த தசை என்றால் யோனியின் மேல்முனை பிறகு தளர்ந்து இறங்கக்கூடும்.

அப்புறம் அல்ட்ராசவுண்ட். வினாடிக்கு 20,000 அதிர்வுகளைத் தாண்டிய, காதுக்கு எட்டாத ஒலி. மீ என்றால் மேல், எனவே மீயொலி கச்சிதமான சொல். இந்தச் சோதனையில் கருவியை வயிற்றில் வைப்பதில்லை, உறை போட்டு யோனிவாயில் வெளிப்பக்கமாக ஒற்றி வைப்பார்கள், வலி பெரும்பாலும் இருக்காது. "சிறுநீரை அடக்குற மாதிரி பிடிங்க" என்றதும் மலக்குடலுக்குப் பின்னால் சுற்றிவரும் தசை பூப்பெலும்பை நோக்கி முன்னால் இழுபட வேண்டும், சிறுநீர்ப்பையின் கழுத்து சற்றே மேலேற வேண்டும். அடுத்து மூச்சைப் பிடித்து முக்கச் சொல்வார்கள். 1666இல் பிறந்த இத்தாலிய மருத்துவர் வல்சால்வாவின் பெயரை அறிக்கையில் இதற்காக எழுதுகிறார்கள், நமக்கோ முக்குதல் என்ற சொல் வீட்டிலேயே இருக்கிறது! முக்கும்போது தசைகளுக்கு நடுவே உள்ள திறப்பு 25 சதுர செ.மீ.க்கு மேல் விரிந்தால் அளவுக்கு மீறிய தளர்ச்சி என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

அக்காவின் சோதனைக்கு நானும் கூடப் போயிருந்தேன். பிடிக்கச் சொன்னபோது திரையில் சிறுநீர்ப்பை கீழே இறங்கியது. வீட்டில் இத்தனை நாளும் கெகல் பயிற்சி (தாங்குதசையை இறுக்கித் தளர்த்துவது) என்று அவர் செய்தது முக்கல்தான், பலருக்கும் இப்படி நடக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டே மூன்றாம் முறை முயன்றபோது அந்தக் கறுப்பு உருவம் மெல்ல மேலேறியது.

"தூளி ஏறுதுடி" என்றார்.