மான் பகிடி யாருடையது?

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு மான் புதிதல்ல. கோட்டைப் பக்கமிருந்து நடந்து வந்து கடை வாசலில் நின்று வாழைப்பழத்தோல் தின்னும். ரியூசன் வகுப்புக்குள் நுழைந்த ஒரு மானிடம் மாஸ்டர் மாதக் கட்டணம் கேட்பதாக ஒரு தம்பி ஏழு நிமிடம் பகிடி சொல்லுவார். உப்புவெளி ஹோட்டல்களிலும் திருவிழா மேடைகளிலும் நாலு வருடம் சொல்லிச் சொல்லி, எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லை வெட்டுவது என்று பார்த்துப் பார்த்து இழைத்த ஏழு நிமிடம்.

பிறகு கொழும்பில் ஒரு தொலைக்காட்சியில் வாராந்த நிகழ்ச்சி கிடைத்தது. அங்கே மான் பகிடியும் போனது. சில மாதம் கழித்து, அதையே மேடையில் சொன்ன காணொளியைத் தன் யூடியூப் பக்கத்தில் போட்டார். நிறுவனம் உரிமை கோரி நீக்க வைத்தது.

"மிஸ், என்ட பகிடிய நானே சொல்ல ஏலாதாமா?" என்று என் சட்ட அலுவலகத்துக்கு வந்தார். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்; ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எட்டுப் பக்க ஆங்கில ஒப்பந்தம். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வசனம்: நிகழ்ச்சிக்குத் தரும் ஆக்கம் எல்லாவற்றின் உரிமையும், எந்த ஊடகத்திலும், என்றென்றைக்கும் நிறுவனத்துக்கே. மேக்கப் போடும் நேரத்தில் நீட்டினார்களாம். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கம் உருவான கணமே பதிப்புரிமை உருவாகிவிடும், பதிவு தேவையில்லை. எழுதியவரின் ஆயுளும் அதற்குப்பின் 70 வருடமும் அது நிற்கும். மானைப் பற்றிய யோசனை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதைச் சொன்ன விதம் சொன்னவருக்குச் சொந்தம். ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: நீங்கள் மாதச் சம்பள ஊழியர் என்றால், வேலைக்காக எழுதியதன் பொருளாதார உரிமை முதலாளிக்குப் போகும், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய. வெளியாளாக எழுதினால் உரிமை உங்களுடையது. எழுத்தில் கையொப்பமிட்டு நீங்களே கொடுத்தால்தான் கைமாறும். அந்தக் கையொப்பம்தான் இந்தத் தம்பியை மாட்டியது.

டிவிக்குப் போகாதீர்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். முகம் தெரிந்தால்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். ஆனால் நாலு வருடச் சரக்கு டிவியில் ஒரே இரவில் தீர்ந்துவிடும். அதன் உரிமையும் கூடவே போகவேண்டுமா? "உரிமை மாற்றம்" என்றிருந்தால் "ஒளிபரப்ப அனுமதி" என்று மாற்றக் கேளுங்கள். மேடையில் சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கட்டும். புதுப் பகிடி எதையும் முதலில் போனில் பதிந்து, திகதியோடு உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.

அவரைக் காப்பாற்றியதும் பழைய போனில் கிடந்த ஒரு பதிவுதான். ஒப்பந்தத்துக்கு இரண்டு வருடம் முந்தியது. அதை வைத்து, இந்தப் பகிடி நிகழ்ச்சிக்காக எழுதியதல்ல என்று கடிதம் அனுப்பினோம். மேடையில் சொல்லலாம் என்று எழுத்தில் தந்தார்கள். காணொளி திரும்பி வரவில்லை.

அடுத்த ஒப்பந்தத்தோடு வந்தபோது ஐந்தாம் பக்கத்தில் தானே பென்சிலால் கோடு போட்டிருந்தார். அந்த ஒரு வசனத்தை மாற்ற இரண்டு கிழமை பேச வேண்டியிருந்தது. கடைசியில் மாற்றினார்கள்.