கொலாபரேஷன் என்றால் கலப்பிசையா?

மெய்ப்புப் பார்க்கச் சொல்லி ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை என்னிடம் வந்தது. வெவ்வேறு இசை வகைகளைச் சேர்ந்தவர்கள், யாரும் நினைத்துப் பார்க்காத விதத்தில் ஒன்றுசேர்ந்து பாடிய பாட்டுகளைப் பற்றியது. தலைப்பு: 'சாத்தியமற்ற கலப்பிசைகள்'. இரண்டே சொல், இரண்டும் பிழை. சாத்தியமற்றது என்றால் நடக்கவே முடியாதது. இவையெல்லாம் நடந்தவை, ஒலிப்பதிவாகி இன்றும் கேட்கக் கிடைப்பவை. அவற்றை 'எதிர்பாராத' என்று சொல்லியிருந்தால் போதும். அது சின்னப் பிழை, ஒரு கோடு போட்டுத் திருத்திவிட்டேன். 'கலப்பிசை'யை அப்படி விட மனம் வரவில்லை. கொஞ்ச நாளாகவே இந்தச் சொல் திரும்பின பக்கமெல்லாம் காதில் விழுகிறது: ஃப்யூஷன் என்றாலும் கலப்பிசை, கொலாபரேஷன் என்றாலும் கலப்பிசை. இரண்டும் ஒன்றல்ல. இரண்டில் எதற்கும் இந்தச் சொல் பொருந்தவும் இல்லை.

முதலில் வேர். ஃப்யூஷன் லத்தீனில் உருக்குதல், வார்த்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. இரண்டு உலோகத்தை உருக்கி ஒன்றாக வார்ப்பது. கொலாபரேஷனும் லத்தீன்தான், சேர்ந்து உழைத்தல் என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைக்குத் துணைபோன பிரெஞ்சுக்காரர்களைக் குறிக்கப் பயன்பட்டதால் இந்தச் சொல்லுக்குத் துரோகம் என்ற கறையும் ஒட்டிக்கொண்டது. வேரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

நடைமுறையில் இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஃப்யூஷனுக்கு ஒரே ஆள் போதும். கொலாபரேஷனுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' வெளியிட்டபோது அதைத் தியாகராஜருக்கும் மேற்கத்தியச் செவ்விசை மேதை பாஹுக்கும் சமர்ப்பித்தார். இரண்டு மரபும் ஒரே மனிதரின் மனதுக்குள் உருகி வெளிவந்தது அது. ஃப்யூஷன் என்று சொல்லலாம், கொலாபரேஷன் என்று சொல்ல முடியாது. மறுபக்கம், 1990இல் ரோம் நகரில் பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் மூவரும் ஒரே மேடையில் பாடினார்கள். மூவருமே ஆப்பெரா என்ற மேற்கத்திய இசை நாடகத்தின் பாடகர்கள். கொலாபரேஷன் இருக்கிறது, உருக்குவதற்கு அங்கே இரண்டாவது உலோகம் இல்லை.

இப்போது நான் திருத்திய கட்டுரையின் முதல் எடுத்துக்காட்டுக்கு வருகிறேன். 1986இல் ரன் டிஎம்சி என்ற ராப் குழுவும் ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் ஸ்டீவன் டைலர், ஜோ பெர்ரி இருவரும் சேர்ந்து 'வாக் திஸ் வே' பாட்டைப் பதிவு செய்தார்கள். அது ஏரோஸ்மித்தின் 1975ஆம் வருடத்துப் பாட்டு. அதன் தொடக்க டிரம்ஸ் தாளத்தை ஓடவிட்டு அதன்மேல் ராப் பாடுவது அப்போது வழக்கத்தில் இருந்தது. முழுப் பாட்டையுமே எடுத்துச் செய்யலாம் என்று தயாரிப்பாளர் ரிக் ரூபின் யோசனை சொன்னார். அந்தப் பாட்டின் காணொளியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பக்கத்துப் பக்கத்து அறைகளில் இரண்டு குழுவும் ஒத்திகை பார்க்கிறார்கள். இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கத்துக்குத் தொந்தரவு. கடைசியில் டைலர் மைக்கைத் தாங்கும் கம்பியால் சுவரை உடைத்துத் தலையை நீட்டி, பல்லவியைக் கத்திப் பாடுகிறார்.

கவனித்துக் கேளுங்கள். சரணம் ராப்பாகவே இருக்கிறது. பல்லவி ராக் அலறலாகவே இருக்கிறது. கிதார் கிதாராக இருக்கிறது. சுவர்தான் உடைந்ததே தவிர, அந்த ஆட்கள் கரைந்துபோகவில்லை. கரைந்திருந்தால் அந்தப் பாட்டில் ரசிக்க ஒன்றுமே இருந்திருக்காது. இதைப் போய்க் 'கலப்பிசை' என்றால், பாட்டைக் கேட்காதவருக்கு என்ன தோன்றும்? ராப்பும் ராக்கும் குழைந்து, எது எது என்று தெரியாத ஏதோ ஒன்று என்றுதான் தோன்றும். நடந்ததற்கு நேர் எதிரான படம் அது.

கலப்பு என்ற சொல்லின் குணமே அப்படி. கலந்த பிறகு பிரிக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், கலப்பு என்று சொன்ன மாத்திரத்தில் கலப்பதற்கு முன்னால் இரண்டும் சுத்தமாக இருந்தன என்று நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். கலப்படம், கலப்பினம், கலப்பில்லாத தங்கம் என்று இந்தக் குடும்பத்துச் சொற்களை எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் சுத்தம் ஒன்று உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, கலந்தது ஒரு படி கீழே நிற்கிறது. 'கலப்புத் திருமணம்' என்ற சொல்லைப் பலரும் விட்டுவிட்டு 'சாதி மறுப்புத் திருமணம்' என்று சொல்லத் தொடங்கியதற்குக் காரணமும் இதுதான். மனிதர்களைப் பற்றிப் பேசும்போது வேண்டாம் என்று நாம் ஒதுக்கிய சொல்லை இசைக்கு மட்டும் ஏன் தூக்கி வர வேண்டும்?

இசையில் அந்தச் சுத்தம் எங்கே இருந்தது என்றும் கேட்கிறேன். கர்நாடக இசைக் கச்சேரியில் வயலின் இல்லாத மேடையை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதரே ஆங்கிலேயர் வாசித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவருடைய 'சந்ததம் பாஹிமாம்', பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டில் அமைந்தது. பிறகு கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன், யூ. ஸ்ரீநிவாஸின் மேண்டலின். இவற்றையெல்லாம் யாரும் கலப்பிசை என்று சொல்வதில்லை, கர்நாடக இசை என்றுதான் சொல்கிறோம். அப்படியானால் நேற்றைய கலப்பு இன்றைக்குச் சுத்தம், இன்றைய சேர்க்கை மட்டும் கலப்பு. ஒரு கலைச்சொல்லுக்கு இவ்வளவு ஆடும் கால் இருக்கக் கூடாது.

சரி, ஃப்யூஷனுக்காவது கலப்பிசையை வைத்துக்கொள்ளலாமே என்று அந்த மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் கேட்டார். அதற்கும் என் பதில், வேண்டாம் என்பதுதான். 1970களில் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், இந்தியக் கலைஞர்கள் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோர் 'சக்தி' குழுவாக வாசித்தபோது, மெக்லாஃப்லின் தன் கிதாரையே மாற்றிச் செய்துகொண்டார். கிதாரின் கழுத்தில் விரல் வைக்கும் கட்டைகளுக்கு இடையே மரத்தைக் குடைந்தெடுத்தார், தந்தியை வளைத்துக் கமகம் என்ற சுர அசைவைப் பிடிப்பதற்காக. வழக்கமான தந்திகளுக்கு அடியில் குறுக்காக இன்னும் ஏழு தந்திகளைக் கட்டினார். அது வீணையும் இல்லை, பழைய கிதாரும் இல்லை. உருக்கி வார்த்தல் என்றால் இதுதான். கலக்குதல் என்ற சொல் இந்த வேலையில் பாதியைக்கூடச் சொல்வதில்லை. ஃப்யூஷன் இப்போது ஜாஸ், ராக், ப்ளூஸ் போல ஓர் இசை வகையின் பெயராகிவிட்டது. பெயரை மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஃப்யூஷன் என்றே எழுதலாம். தூய தமிழில் நாட்டமுள்ளவன்தான் நான். ஆனாலும் தெளிவில்லாத தமிழ்ச்சொல்லைவிடத் தெளிவான பிறமொழிச் சொல் மேல்.

ஃப்யூஷனுக்கு 'இணைவிசை' என்றும் ஒரு சொல் உலவுகிறது. அணுக்கரு இணைவு என்று அறிவியலில் சொல்கிறோமே, அதை ஒட்டி வந்திருக்க வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் எழுதிவிட்டுப் படித்துப் பாருங்கள். இணைவு கூட்டல் இசையா, இணை கூட்டல் விசையா? இயற்பியல் பாடநூலில் இணை விசைகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. பிரித்துப் பார்த்துப் பொருள் தேட வைக்கும் கலைச்சொல் நிற்காது.

அடுத்தது 'ஒத்துழைப்பு'. அகராதி பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் கொலாபரேஷனுக்குப் போடுவது இதைத்தான். வேர்ப்பொருள் என்னவோ அச்சாகப் பொருந்துகிறது: ஒத்து உழைத்தல். ஆனால் சொல்லுக்கு வேர் மட்டும் வாழ்க்கை இல்லை. ஒத்துழையாமை இயக்கத்தின் நாட்களிலிருந்தே இந்தச் சொல்லுக்கு வேறு வேலை வந்துவிட்டது. 'விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை', 'பொதுமக்கள் ஒத்துழைப்பு தரவேண்டும்' என்பவைதான் நாம் அன்றாடம் கேட்பவை. வேலை ஒருவருடையது, மற்றவர் இடைஞ்சல் செய்யாமல் துணை நிற்கிறார். 1987இல் ஃப்ரெடி மெர்க்குரியும் மொன்செராத் கபாயேயும் 'பார்சிலோனா' பாடினார்கள். ஒருவர் ராக், ஒருவர் ஆப்பெரா. யார் யாருக்கு ஒத்துழைத்தார்? பாட்டு இருவருடையதும்தான்.

இந்துஸ்தானி வழியாக வந்த ஜுகல்பந்தி, சரிநிகரான இருவர் வாசிப்பதை அழகாகச் சொல்கிறது. ஆனால் அது இரட்டையரோடு நின்றுவிடும், நான்கு பேர் சேர்ந்தால் உதவாது. சேர்ந்திசையை ஏற்கெனவே குழுவாகப் பாடுவதற்குக் கொடுத்துவிட்டோம்.

நான் முன்வைப்பது 'இசைக்கூட்டு'. கூட்டாளி, கூட்டுறவு, கூட்டணி எல்லாவற்றிலும் சேர்ந்தவர்கள் தனித்தனி ஆட்களாகவே இருக்கிறார்கள், அவரவர் பங்கு அவரவருக்கு. நாளைக்குப் பிரிந்தும் போகலாம். 'கூட்டிசை' என்று ஏன் சொல்லக் கூடாது என்றால், தமிழில் இப்படிப்பட்ட தொகையில் தலைச்சொல் கடைசியில் நிற்கும். கூட்டிசை என்றால் அது ஒரு வகை இசை. இசைக்கூட்டு என்றால் அது ஒரு வகைக் கூட்டு. கொலாபரேஷன் இசையின் வகை அல்ல, ஆட்களுக்கு இடையிலான உறவு. வினையும் தயாராக இருக்கிறது: 'இருவரும் கூட்டுச் சேர்ந்து பாடினார்கள்'. 'அவனோட கூட்டுச் சேராதே' என்று பிள்ளையிடம் சொல்வோமே, அந்த எச்சரிக்கை வாசமும் இதில் இருக்கிறது. யாரும் எதிர்பாராத சேர்க்கையைச் சொல்ல அதுவும் உதவுகிறது.

பழைய ஆதாரமும் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் கருவிகள் ஒவ்வொன்றாக மேடைக்கு வருவதைச் சொல்லும் இடம்: குழல்வழி யாழ் நின்றது, யாழ்வழி தண்ணுமை நின்றது, அதன் பின்வழி முழவு நின்றது. ஆமந்திரிகை என்ற கருவிக்கு வரும்போது வினை மாறுகிறது: முழவொடு 'கூடிநின்று இசைத்தது'. இளங்கோ இன்றைய நம் சிக்கலை நினைத்து எழுதினார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றன் வழி நிற்பதும் ஒன்றோடு கூடி நிற்பதும் வேறு வேறு என்று நம் மொழிக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. வழி நிற்பது பக்கவாத்தியம். கூடி நிற்பதுதான் கூட்டு.

இதற்கு நான் அடிக்கடி கேட்கும் பாட்டு ஒன்று இருக்கிறது. 1977 செப்டம்பரில் லண்டனுக்கு அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக பழைய தலைமுறை மெல்லிசைப் பாடகர் பிங் கிராஸ்பியும் ராக் பாடகர் டேவிட் போவியும் சந்தித்தார்கள். ஒருவருக்கு 74 வயது, ஒருவருக்கு 30. கொடுத்த கிறிஸ்துமஸ் பாட்டு போவிக்குப் பிடிக்கவில்லை. அங்கேயே அவசரமாக இன்னொரு மெட்டை எழுதிக் கொடுத்தார்கள். கிராஸ்பி பழைய பாட்டைத் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே போக, அதன்மேல் போவி புதிய மெட்டைப் பாடுகிறார். இரண்டு குரலையும் தனித்தனியாகப் பின்தொடரலாம். அடுத்த மாதமே கிராஸ்பி இறந்துவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறையும் எனக்கு உண்டு. பாட்டுப் பட்டியல்களில் 'ஃபீச்சரிங்' என்பதைச் சுருக்கி 'ஃபீட்.' என்று வருவதை இயந்திரம் 'அம்சம்' என்று மாற்றித் தருகிறது, அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இன்னார் அம்சம் இன்னார் என்றால் என்ன பொருள்? தமிழில் 'உடன்' இருக்கிறது. இன்னாருடன் இன்னார் என்றால் முடிந்தது. இளைஞர்கள் பேச்சில் 'ரெண்டு பேரும் கொலாப் பண்ணியிருக்காங்க' என்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. என்ன நடந்தது என்று அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கட்டுரையில் பதினோரு இடத்தில் கலப்பிசையை அடித்து இசைக்கூட்டு என்று எழுதி அனுப்பினேன். உள்ளே பத்து இடத்தில் மாற்றிக்கொண்டார்கள். தலைப்பு 'எதிர்பாராத கலப்பிசைகள்' என்று வந்திருக்கிறது.