‘நம்மைக் காக்கும் 48’ திட்டம்: அவசரப் பிரிவு வாசலில் கை நழுவும் உரிமை

தமிழ்நாட்டுச் சாலையில் விபத்துக்குள்ளாகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம் என்பதே ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் இது தொடங்கப்பட்டபோது, 81 சிகிச்சை முறைகளுக்கு ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என வகுக்கப்பட்டது. வருமான வரம்பு கிடையாது; காப்பீட்டு அட்டையும் வேண்டாம்.

ஆனால், அவசரப் பிரிவில் முதலில் சொல்லும் ஒரு வாக்கியத்திலேயே பலர் இந்த உரிமையை இழக்கிறார்கள். இருசக்கர வாகனத்தில் விழுந்து கால் முறிந்த ஓர் இளைஞருக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. போலீசுக்குப் பயந்த அவருடைய தந்தை, “வீட்டுப் படியில் வழுக்கி விழுந்துவிட்டான்” என்று சொல்ல, விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ‘ஏ.ஆர்.’ என்று சொல்லும் அந்தப் புத்தகத்தில், அப்படியே ஏறிவிட்டது. மறுநாள் உண்மையைச் சொன்னபோது மருத்துவர் காவல் நிலையத்தைக் கைகாட்டினார். காவல் நிலையம் மருத்துவமனையைக் கைகாட்டியது. அந்த ஒரு வரியைத் திருத்த அவர் வாரக்கணக்கில் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிற்பாடு இழப்பீடு கேட்டு விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் முதலில் புரட்டப்படுவது அந்தப் பக்கம்தான். ஆகவே, நடந்தது சாலை விபத்து என்றால் அப்படியே சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் தகவல் அறிக்கை கொண்டுவந்தால்தான் சேர்ப்போம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காவல் துறைக்குத் தகவல் தருவது மருத்துவமனையின் வேலை. அடிபட்டவரைத் தூக்கிவந்தவரையும் பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது.

கிராமத்தில் அகப்பட்ட வண்டியில் ஏற்றி, அருகிலுள்ள தனியார் மருத்துவமனைக்கு ஓடுவது இயல்பு. அது இத்திட்டத்தில் இல்லாத இடமாக இருந்தால், ஸ்கேன், குளுக்கோஸ் என்று பில் வளரும். பொன்னான நேரமும் போய்விடும். இறங்கும்போதே “48 திட்டம் இங்கே உண்டா?” என்று கேளுங்கள், 108-ஐ அழைத்தாலும் சாலை விபத்து என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பனையிலிருந்து விழுந்தவருக்கும் பாம்பு கடித்தவருக்கும் இத்திட்டம் பொருந்தாது என்பதால், அவர்களை நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே நல்லது.

48 மணி நேரக் கெடு முடிந்ததும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவருக்கு அதன்படி சிகிச்சை தொடரலாம். இல்லாதவர் அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும், அல்லது சொந்தச் செலவில் தங்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான அந்த அட்டையை, நோயாளி கட்டிலில் கிடக்கும்போது வாங்கப் புறப்படுவது பெரும்பாடு. வருமானச் சான்றுக்கு ஒரு நாள், கலெக்டர் ஆபீஸ் கவுண்டரில் “சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க” என்று இன்னொரு நாள். திருமணமாகி வந்த மருமகளின் பெயரைத் தாய்வீட்டுக் குடும்ப அட்டையில் நீக்கிவிட்டு இங்கே சேர்க்காமல் விட்டிருந்தால், அந்தப் பெண்ணுக்கு மட்டும் இந்தக் காப்பீட்டில் எதுவும் கிடைக்காது. இதை இன்றே சரிபாருங்கள்.

காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள மறுத்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். முன்பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீதில்லாமல் கொடுத்த பணத்துக்குப் புகார் நிற்காது.