பரதீசு பரதேசம் அல்ல

தமிழ் விவிலியத்தில் வரும் 'பரதீசு' (லூக்கா 23:43) வடமொழிப் 'பரதேசம்'தான் என்றொரு செய்தி அடிக்கடி சுற்றுக்கு வருகிறது. காதுக்கு ஒத்துத்தான் கேட்கிறது. ஆனால் அந்தச் சொல் புறப்பட்ட இடம் ஈரான். அதன் முதல் பாதி, ஜரதுஷ்டிரரின் சமயத்து மறைநூலான அவெஸ்தாவின் மொழியில் 'சுற்றி' என்று பொருள்படும் 'பைரி' என்ற முன்னிடைச்சொல்.

பைரியின் உறவு சிக்கலில்லாதது. ரகரத்துக்குப் பின் இகரம் வந்தால், அவெஸ்தாவில் அந்த இகரத்தின் சாயல் ரகரத்துக்கு முன்னாலும் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழித்தால் மிஞ்சுவது 'பரி'. வேதகாலச் சமஸ்கிருதத்திலும் பரி, கிரேக்கத்தில் பெரி. (தமிழின் 'பெரிய'வை இதோடு முடிச்சுப் போடவேண்டாம், குதிரையைக் குறிக்கும் பரியையும்தான்.) அந்த மறைநூலின் வழிபாட்டுப் பகுதியான யஸ்னம் 28.2இல் இறைவன் மஸ்தாவை நோக்கிப் 'பைரி-ஜஸாய்' என்று வருகிறது. நேர்ப்பொருள் 'சுற்றி வருவேன்', கருத்து 'பணிவேன்'. கோயிலை வலம்வரும் நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

பரதேசக் கதை சறுக்குவது சொல்லின் இரண்டாம் பாதியான 'தயேஃஸ'வில்தான். ஃஸ என்பது ஆங்கில ஜீப்ராவின் (zebra) முதல் ஒலி. சமஸ்கிருத 'ஹ' இருக்குமிடத்தில் அவெஸ்தாவில் பெரும்பாலும் இந்த ஃஸ நிற்கும்: ஹஸ்த–ஃஸஸ்த (கை), ஹிரண்ய–ஃஸரண்ய (பொன்). 'தச', 'சத' போன்றவற்றின் சகரமோ வெறும் 'ஸ' ஆகும்: தஸ (பத்து), ஸத (நூறு). அப்படியானால் 'தேச'த்தின் இணை 'தயேஸ' என்றல்லவா இருக்கவேண்டும்? இருப்பதோ 'தயேஃஸ'. அதன் உண்மையான இணை 'தேஹ', நம் தேகம். மண்ணைப் பிசைந்து உருவாக்குவது வேர்ப்பொருள். மதிலைக் குறிக்கும் கிரேக்கத் 'தெய்கோஸ்' இதன் உடன்பிறப்பு.

ஆக, பைரி-தயேஃஸ என்றால் சுற்றி எழுப்பிய சுவர். அதே மறைநூலின் தூய்மை விதிகளைச் சொல்லும் வெந்திதாது 3.18இல் அது சொர்க்கமும் அல்ல, தோட்டமும் அல்ல: பிணத்தைத் தனியாளாகச் சுமந்து தீட்டுப்பட்டவனை ஒதுக்கிவைக்கும் அடைப்பு. பாரசீக மன்னர்களின் மதில்சூழ் பூங்காக்களைக் கிரேக்கர் செனோபோன் 'பரதெய்சோஸ்' என்றார். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஏதேன் தோட்டத்துக்கு அதையே வைத்தார்கள். அரபியின் 'ஃபிர்தவ்ஸ்' இதே குடும்பம்.

பாரசீகத்திலேயே தங்கிவிட்ட கிளை 'பாலீஸ்' என்று தேய்ந்தது. அது குறிப்பது வெள்ளரியும் முலாம்பழமும் போடும் கொல்லையை.